பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தின் தலைவர் உண்மையில் என்ன செய்கிறார்?

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டச் சட்ட உதவி அலுவலகத்தில் எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) வக்கீலாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் முறையே அமெரிக்காவின் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தைப் பார்த்து வந்தது என்கிறார்கள். அங்கே ஒரு கவுண்டி அலுவலகத்துக்குத் தலைவராக இருப்பவர் என்னதான் செய்வார்? அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்துக்கு எதிராக மனசார வாதாட முடியுமா?”

பப்ளிக் டிஃபெண்டர் என்றால், வக்கீல் வைக்க வசதியில்லாத எதிரிக்காக அரசு சம்பளத்தில் வாதாடும் வக்கீல். கலிஃபோர்னியாவில் நடுத்தர அளவுள்ள ஒரு கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் மாதிரி ஒரு பகுதியில், 14 வருஷம் இந்த வேலை பார்த்தேன். கடைசி 5 வருஷம் ஃபெலனி பிரிவை, அதாவது பெரிய குற்ற வழக்குகளைப் பார்க்கும் பிரிவை, நடத்தினேன். தலைவர் நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் அதற்கு அடுத்த அறையில் இருந்து இரண்டு தலைவர்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: தலைவர் தானே ஒரு வழக்கை நடத்துவது அபூர்வம். அவருடைய வேலை நேரம் சம்பாதிப்பது. தன் அலுவலகத்தின் ஒவ்வொரு வக்கீலும் ஒவ்வொரு கட்சிக்காரரோடும் உட்கார்ந்து பேசத் தேவையான நேரத்தை, பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் மல்லுக்கட்டி வாங்கித் தர வேண்டும். கிடைக்கவில்லை என்றால், “இதற்கு மேல் வழக்கு எடுக்க மாட்டோம்” என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

இந்த உரிமை வந்த கதையிலேயே அந்த நேரம் இருக்கிறது. 1961இல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பூல் ரூமை, அதாவது பில்லியர்ட்ஸ் ஆடும் கூடத்தை, உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். வக்கீல் வைக்கக் காசில்லை, அரசு தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்காக இருந்தால்தான் தர முடியும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். தனக்குத் தானே வாதாடித் தோற்று, 5 வருஷத் தண்டனையோடு சிறைக்குப் போனார். அங்கிருந்து சிறைத் தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 மார்ச் 18 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்: ஃபெலனி வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநிலம் வக்கீல் தந்தே ஆக வேண்டும்.

பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அதே ஆண்டு ஆகஸ்டில் மறுவிசாரணை. இந்த முறை ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் கிடியனுக்காக ஆஜரானார். விசாரணைக்கு முன்னால் சாட்சிகளைத் தேடிப் போய்ப் பேசினார், சம்பவ இடத்தைச் சுற்றிப் பார்த்தார். அரசுத் தரப்பு ஒரு டாக்ஸி ஓட்டுநரைக் கூண்டில் ஏற்றியது. “என்னை ஏற்றிக்கொண்டு போனதை யாரிடமும் சொல்லாதே” என்று கிடியன் அன்று காலை அவரிடம் சொல்லியிருந்தார். கேட்பவருக்குத் திருடன் பேச்சு மாதிரிதான் இருக்கும். டர்னர் குறுக்கு விசாரணையில் கேட்டது இவ்வளவுதான்: இதற்கு முன்னாலும் அவர் இப்படிச் சொன்னதுண்டா? உண்டு என்றார் ஓட்டுநர். மனைவியோடு தகராறு, அதனால் சொல்வாராம். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, ஒரு மணி நேரம்போல உள்ளே இருந்தது. வெளியே வந்து, குற்றவாளி இல்லை என்றது.

அதே மனிதர், அதே குற்றச்சாட்டு. இரண்டாவது தடவை ஊரைச் சுற்றி விசாரிக்க நேரம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தார். டர்னர் மேஜையில் அந்த வாரம் இன்னும் 90 வழக்குக் கட்டுகள் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அலுவலகம் என்ற ஏற்பாடு கிடியன் தீர்ப்புக்கும் பழையது. அமெரிக்க மேற்குக் கரையின் முதல் பெண் வக்கீலான கிளாரா ஃபோல்ட்ஸ், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த சட்ட மாநாட்டில் இந்த யோசனையை முன்வைத்தார். குற்றம் சாட்ட அரசு ஒரு வக்கீலை வைத்துச் சம்பளம் கொடுக்கிறது, தற்காக்கவும் அதேபோல ஒருவரை வைக்கட்டும் என்பது அவர் வாதம். 1914இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முதல் அலுவலகத்தைத் திறந்தது. இன்று அங்கே சுமார் 700 வக்கீல்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்க் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்துக்கு ஃபோல்ட்ஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், டெக்சஸின் ஹூஸ்டன் நகரைக் கொண்ட ஹாரிஸ் கவுண்டி போன்ற மிகப் பெரிய கவுண்டியே 2010இல்தான் இப்படி ஒரு அலுவலகத்தை உருவாக்கியது. அதுவரை தன் முன்னால் வாதாடப் போகும் வக்கீலை நீதிபதியே பொறுக்கி நியமிப்பார். அடிக்கடி வாய்தா கேட்கிற, எதற்கெடுத்தாலும் மனுப் போடுகிற வக்கீலை அடுத்த தடவை எந்த நீதிபதி கூப்பிடுவார்? கட்சிக்காரருக்காக நேரம் செலவழிப்பவருக்கு வேலை குறையும். அதில் இருந்த கோளாறு அதுதான்.

தலைவரை யார் நியமிக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். மிசௌரி, கொலராடோ போன்ற இடங்களில் மாநிலம் முழுக்க ஒரே அமைப்பு. ஃப்ளோரிடாவில் 20 நீதிமன்ற வட்டங்கள், ஒவ்வொன்றிலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். குற்றம் சாட்டுகிற அரசு வக்கீலான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை (டி.ஏ.) எல்லாக் கவுண்டியிலும் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் தரப்புத் தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும்தான். (2019இல் அந்தப் பதவிக்கு வந்த மனோ ராஜு இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன்.) இந்த அலுவலகம் உள்ள மற்ற கவுண்டிகளில் பெரும்பாலும் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் என்ற 5 பேர் கொண்ட ஆட்சிக் குழு நியமிக்கிறது. அதே குழுதான் கவுண்டி போலீஸையும் சிறையையும் நடத்தும் ஷெரிஃபுக்கும், டி.ஏ. அலுவலகத்துக்கும், எங்களுக்கும் பட்ஜெட் ஒதுக்குகிறது. கவுண்டி சிறை மேல் எங்கள் வக்கீல்கள் புகார் கொடுத்தால் அது அந்தக் குழுவின் கதவைத்தான் தட்டும். ஆக, தலைவரை வைப்பதும் எடுப்பதும் அவர் எதிர்க்க வேண்டிய ஆட்களே.

2018இல் லாஸ் ஏஞ்சலஸில் குற்ற வழக்கு நடத்திய அனுபவமே இல்லாத ஒருவரை இடைக்காலத் தலைவராகப் போட்டார்கள். அலுவலகத்தின் வக்கீல்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். வெளியில் இருந்து பார்த்தவர்கள், நிர்வாகம் தெரிந்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. லாக்கப்பில் இருக்கும் ஒருவரோடு 20 நிமிஷம் பேசினால் என்ன கிடைக்கும், 4 நிமிஷம் பேசினால் எது விட்டுப்போகும் என்று உடம்பால் தெரிந்தவருக்குத்தான் அந்த 16 நிமிஷத்துக்காகச் சண்டை போடத் தோன்றும்.

அந்த 4 நிமிஷம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலை, முதல் ஆஜர் கோர்ட். வெள்ளி இரவில் இருந்து பிடித்தவர்கள் எல்லாம் சேர்ந்திருப்பார்கள். எங்கள் கோர்ட்டில் சில திங்கட்கிழமைகளில் ஒரு வக்கீல் கையில் 40 கட்டு இருக்கும். கைதிகள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடியின் நடுவில் ஒரு கீற்று, அதில் வாயை வைத்துப் பேச வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும், ஷெரிஃப் ஆள் காதிலும் விழும். ஒரு அம்மா என்னிடம் தன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “என் வண்டியை எங்கே இழுத்துக்கொண்டு போனார்கள்? அதில் என் இன்சுலின் இருக்கிறது” என்றார். எனக்கு அடுத்து 31 பேர். இன்சுலின் விஷயத்தை சிறை நர்ஸுக்குச் சொல்ல ஒரு சீட்டு எழுதினேன், ஜாமீனுக்குத் தேவையான மூன்று கேள்வி கேட்டேன், நகர்ந்தேன். அவருக்குச் சாப்பிட வேண்டிய மருந்து வேறு என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள், குழந்தையைப் பள்ளியில் இருந்து கூட்டிவர ஆள் உண்டா என்று கேட்கவில்லை. குழந்தை இருந்தது. மறுநாள்தான் தெரிந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வழக்குகள் ஜூரி வரைக்கும் போவதில்லை. மாநில நீதிமன்றங்களில் கிடைக்கும் தண்டனைகளில் 100க்கு 94, எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருகின்றன என்று 2012இல் உச்ச நீதிமன்றமே எழுதியது. அரசு வக்கீல் ஒரு பேரம் சொல்வார், இன்றைக்கு ஒப்புக்கொண்டால் இவ்வளவு, விசாரணைக்குப் போனால் அவ்வளவு என்று. அதை எடுப்பதா விடுவதா என்று யோசனை சொல்ல, வக்கீல் வழக்கைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்க நேரம் இல்லாதவர் சொல்லும் யோசனை, பெயருக்குத்தான் யோசனை. சந்தித்த அன்றே ஒப்புக்கொள்ள வைத்து அனுப்பும் வக்கீல்களைப் பற்றி இங்கே சிறைக்குள் நிறையக் கசப்பான பேச்சு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

சரி, ஒரு வழக்குக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இதுதான் தலைவரின் கையில் இருக்கும் ஆயுதம். 1973இல் ஒரு தேசியக் கமிஷன் கணக்குச் சொன்னது: ஒரு வக்கீலுக்கு வருஷத்துக்கு 150 ஃபெலனி, அல்லது 400 சின்ன வழக்குகள், அதற்கு மேல் கூடாது. ஐம்பது வருஷம் எல்லா அலுவலகமும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பல ஊர்களில் அதையும் தாண்டியே வேலை நடந்தது. ஆனால் அது வீடியோ இல்லாத காலத்துக் கணக்கு. இன்று ஒரு வண்டியை நிறுத்திச் சோதனை போட்டதாக ஒரு வழக்கு வந்தால், 4 போலீஸ்காரர்களின் சட்டையிலும் கேமரா இருக்கும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரப் பதிவு என்றால், 6 மணி நேரம் பார்க்க மட்டுமே ஆகும். அப்புறம் ஃபோனில் இருந்து எடுத்த தகவல், டிஎன்ஏ அறிக்கை, சிறையில் இருந்து பேசிய தொலைபேசிப் பதிவு.

2023இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் அமெரிக்க வக்கீல் சங்கமும் மற்றவர்களும் சேர்ந்து புதுக் கணக்கு வெளியிட்டார்கள். மிகச் சாதாரணமான சின்ன வழக்குக்கே 13.8 மணி நேரம். ஃபெலனியில் கீழ்த்தட்டு வழக்குக்கு 35, நடுத்தட்டுக்கு 57. கொலை வழக்குக்கு 248. ஆயுள் முழுக்க வெளியே வர முடியாத தண்டனைக்குரிய வழக்குக்கு 286. வருஷத்துக்கு 2,080 வேலை மணி என்று வைத்தால், கொலை வழக்கு மட்டும் பார்ப்பவர் 8 எடுக்கலாம், நடுத்தட்டு ஃபெலனி மட்டும் பார்ப்பவர் 36 எடுக்கலாம். பழைய 150 எங்கே, இந்த 36 எங்கே? வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2025இல் இதை ஒட்டி வரம்பைக் குறைத்து, ஒரு வக்கீலுக்கு வருஷத்துக்கு 47 ஃபெலனி அளவு அல்லது 120 சின்ன வழக்கு அளவு என்று வைத்தது. உடனே முடியாது என்பதால், கவுண்டிகளுக்குப் பத்து வருஷ அவகாசமும் கொடுத்தது. பணம் எங்கே என்று கவுண்டிகள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கவுண்டி ஒருவரைக் கைது செய்யும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை.

எண்களை மட்டும் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எனக்கு உறைத்தது இப்படி. 22 வயதுப் பையன் ஒருவன், பஸ் ஸ்டாப்பில் ஃபோனைப் பிடுங்கியதாக வழிப்பறி வழக்கு. அந்த நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் இருந்தேன் என்றான். கடையில் கேமரா இருக்கிறது என்றும் சொன்னான். மஞ்சள் தாளில் குறித்துக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு வேறொரு வழக்கில் ஜூரி விசாரணை நடந்துகொண்டிருந்தது, அதோடு புதிதாக 11 கட்டுகள் வந்து சேர்ந்தன. எங்கள் விசாரணை அலுவலரிடம் நான் சீட்டுக் கொடுத்தபோது 12 நாள் ஓடிவிட்டது. அவர் போய்க் கேட்டார். கடைக்காரர் நல்லவர், தேடிப் பார்த்தார். அந்த மெஷின் 10 நாளைக்கு ஒரு தடவை பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடுமாம். கலிஃபோர்னியாவில் அந்த வகை வழிப்பறிக்கு 2, 3 அல்லது 5 வருஷம். அரசு வக்கீல் வேறு பிரிவுக்கு மாற்றி 8 மாசம் தருவதாகச் சொன்னார். பையன் எடுத்துக்கொண்டான். “நீங்கள்தான் ரொம்ப உதவி பண்ணினீர்கள்” என்று கை கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பதிவில் அவன் இருந்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நானே போய் எங்கள் தலைவரிடம், நான் பார்த்த இருவரில் இரண்டாமவரிடம், சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்த 12 நாளும் மணிக்கு மணி என்ன செய்தாய் என்று எழுதிக் கொண்டு வா.” எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. மறைத்து எழுதியது எதுவும் இல்லை. அதில் சும்மா இருந்த நேரம் என்று எதுவும் இல்லை. பட்ஜெட் கூட்டத்தில் கட்சிக்காரர்களின் பெயர்களை அடித்துவிட்டு அந்த இரண்டு பக்கத்தை சூப்பர்வைசர்கள் 5 பேர் முன்னாலும் வைத்தார். “இது என் அலுவலகத்தின் நல்ல வக்கீல்களில் ஒருவர் எழுதியது. இதில் எந்த மணி நேரத்தை எடுத்து அந்தக் கடைக்குப் போயிருக்க வேண்டும் என்று நீங்களே காட்டுங்கள்” என்றார். யாரும் பேசவில்லை. அந்த வருஷம் 9 பேர் கேட்டோம், 5 பேர் கிடைத்தார்கள். அதில் இரண்டு பேர் விசாரணை அலுவலர்கள்.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்றையும் அவர் சொன்னார். எங்களுக்கும் டி.ஏ. அலுவலகத்துக்கும் வக்கீல்களின் சம்பளம் ஒன்றாக இருந்தால் போதும், அதுதான் சமத்துவம் என்று குழுவில் ஒருவர் பேசினார். அதற்குத் தலைவரின் பதில் இது: அரசுத் தரப்புக்காக ஊரைச் சுற்றி விசாரிப்பது போலீஸ், அது வேறு பட்ஜெட். தடயம் சோதிப்பது ஆய்வகம், அது இன்னொரு பட்ஜெட். எங்களுக்கோ ஒரு சாட்சி வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக்கூட எங்கள் பட்ஜெட்டில் இருந்துதான் ஆள் வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வருஷம் மறுபடியும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். தலைவருக்கு அலுக்கக் கூடாது.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால்? அப்போதுதான் ‘முடியாது’ வருகிறது. ஒரு வக்கீல் தனியாக நின்று, “எனக்கு இந்த வழக்கு வேண்டாம்” என்றால் சோம்பேறி என்பார்கள், நீதிபதி கோர்ட் அவமதிப்பு என்றுகூடச் சொல்லலாம். அலுவலகத்தின் பேரில் தலைவர் சொன்னால் அது வேறு. மியாமி-டேடில் 2008இல் அப்படி மனுப் போட்டார்கள். வேலைப் பளுவே கட்சிக்காரர்களின் உரிமையைக் கெடுக்கிறது, கீழ்த்தட்டு ஃபெலனி வழக்குகளை இனி எடுக்க இயலாது என்று. 5 வருஷம் இழுத்து, 2013இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நியூ ஆர்லியன்ஸில் நிலைமை இன்னும் மோசம். அப்போது லூசியானாவில் இந்த அலுவலகங்கள் பெருமளவு அபராதக் கட்டணங்களை நம்பி ஓடின. போக்குவரத்து அபராதச் சீட்டு குறைந்தால், வக்கீலுக்குச் சம்பளம் குறையும். 2016 ஜனவரியில் அந்த அலுவலகம் கடுமையான ஃபெலனி வழக்குகள் சிலவற்றை ஏற்க மறுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு மிசௌரியில் மாநில அமைப்பின் இயக்குநர் மைக்கேல் பாரெட், பணத்தை நிறுத்தி வைத்த கவர்னர் ஜே நிக்ஸனையே ஒரு ஏழைக் கட்சிக்காரருக்கு வக்கீலாக நியமித்து உத்தரவு போட்டார். நிக்ஸனும் வக்கீல்தானே! அந்த நியமனம் நிற்கவில்லை. ஆனால் அன்று நாடு முழுக்க இந்த விஷயத்தைப் பேசினார்கள்.

மறுப்பதில் ஒரு பெரிய வலி உண்டு, அதை மறைக்கக் கூடாது. நாம் எடுக்காத வழக்கின் ஆள் எங்கே போவார்? வக்கீல் இல்லாமல் சிறையில் கிடப்பார். ஓரிகனில் அப்படித்தான் ஆனது. வக்கீல் பற்றாக்குறையால் ஆட்கள் சிறையிலேயே காத்துக் கிடந்தார்கள். 2024இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முதல் ஆஜருக்குப் பின் 7 நாளுக்குள் வக்கீல் தர முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்ற உத்தரவை உறுதிசெய்தது. எங்கள் முதல் தலைவர் மறுக்கவே மாட்டார். நல்ல மனிதர், “யாரையும் கைவிடக் கூடாது” என்பார். அவர் காலத்தில்தான் அந்தப் பையனின் வழக்கு மாதிரி எத்தனையோ வழக்குகள் சத்தமில்லாமல் நழுவியிருக்கின்றன என்று பின்னால் உணர்ந்தேன். மறுத்தால் வரும் கேடு வெளியே தெரியும், பத்திரிகையில் வரும். மறுக்காமல் இருந்தால் வரும் கேடு கட்டுக்குள்ளேயே புதைந்துவிடும். இரண்டாவது தலைவர் மெதுவாகச் செய்தார். ஜூரி விசாரணையில் இருக்கும் வக்கீலுக்கு அந்த வாரமும் அதற்கு முந்தைய வாரமும் புதுக் கட்டு கிடையாது என்று விதி போட்டார். மிச்சம் இருப்பதை கோர்ட்டுக்கு எழுதித் திருப்பி அனுப்பினார். கோர்ட் வெளி வக்கீல்களை நியமித்தது, அதற்குக் கவுண்டி பணம் கொடுத்தது. பணம் இல்லை என்றவர்களிடம் பணம் வந்தது.

நேரத்தைச் சம்பாதித்தால் பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1993இல் இருந்து 5 கொலை வழக்கில் ஒன்று டிஃபெண்டர் அமைப்புக்குப் போனது, மற்றவை குறைந்த கட்டணத்துக்குக் கோர்ட் நியமிக்கும் தனி வக்கீல்களுக்கு. யாருக்கு எது என்பது தற்செயல். பின்னால் ஆராய்ந்தபோது, டிஃபெண்டர் அமைப்பு பார்த்த வழக்குகளில் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்படும் வாய்ப்பு 19 சதவீதமும், ஆயுள் தண்டனைக்கான வாய்ப்பு 62 சதவீதமும் குறைந்திருந்தது. அங்கே குழுவாக வேலை செய்தார்கள், விசாரிக்க ஆள் இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு தொண்டு நிறுவனம், வக்கீலோடு சமூக சேவகர், குடியேற்ற வக்கீல், வீட்டு வழக்கு வக்கீல் எல்லோரையும் ஒரே கூரைக்குள் வைத்தது. அரை மில்லியனுக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்ததில், சிறைத் தண்டனைக்கான வாய்ப்பு 16 சதவீதமும் தண்டனைக் காலம் 24 சதவீதமும் குறைந்தன. பொதுமக்கள் பாதுகாப்புக்கு அதனால் கேடு எதுவும் காணவில்லை.

குடியேற்ற வக்கீல் ஏன் என்றால், 2010இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை. கிரீன் கார்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு கடையில் பொருள் எடுத்ததாக வந்த சின்ன வழக்கு, ‘அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம்’ என்று நினைத்து ஒப்புக்கொண்டு, பிறகு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு அலமாரி உண்டு. கோட், சட்டை, கால்சட்டை, பெண்களுக்கான உடைகள், பெல்ட், டை, வரிசையாக ஷூ. ஓய்வுபெற்ற வக்கீல்களும் அக்கம்பக்கத்தாரும் கொடுத்தவை. ஜூரி முன்னால் ஒருவரைச் சிறை உடையில் நிற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்று உடை எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அதனால் இந்த அலமாரி. இரண்டாவது தலைவர் மாசத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பார். 11 நம்பர் ஷூ எப்போதும் குறைவாக இருக்கும். ஒரு தடவை விசாரணைக்கு முந்தைய நாள் மாலை, உயரமான ஒருவருக்கு எதுவும் சரியாக இல்லை. தலைவரே கடைக்குப் போய் ஒரு கால்சட்டை வாங்கி வந்து, மேஜையில் உட்கார்ந்து ஓரம் பிரித்துத் தைத்தார். பட்ஜெட் கூட்டத்தில் பேசிய அதே ஆள்தான். அந்தக் கட்சிக்காரர் மறுநாள் என்னிடம் கேட்டது: “இவ்வளவு பெரியவர் எனக்கு ஏன் தைக்க வேண்டும்?”

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அரசு சம்பளம் வாங்கிக்கொண்டு மனசார வாதாட முடியுமா? முடியும். கட்சிக்காரர்கள்தான் நம்ப மாட்டார்கள். “நீ நிஜ வக்கீலா, இல்லை பப்ளிக் டிஃபெண்டரா?” என்ற கேள்வியை நான் முதல் வருஷத்திலேயே எத்தனை தடவை எதிர்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. அடுத்த சந்திப்புக்குச் சொன்ன தேதியில் போய் நின்றால், கேட்ட காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தக் கேள்வி தானாக நிற்கும். இதற்கும் நேரம்தான் வேண்டும். பணம் எந்தக் கையில் இருந்து வருகிறது என்பதைவிட, அந்தக் கை வழக்குக்குள் நீளாமல் தடுக்க ஆள் இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. நீதிபதி ஒருவர் எங்கள் இளம் வக்கீல் அதிகம் மனுப் போடுகிறார் என்று தலைவருக்கு ஃபோன் செய்தார். தலைவர் கேட்டுக்கொண்டார். அந்த வக்கீலை வேறு கோர்ட்டுக்கு மாற்றவில்லை, ஃபோன் வந்ததையே அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அமெரிக்க வக்கீல் சங்கம் 2002இல் எழுதி 2023இல் திருத்திய பத்துக் கோட்பாடுகளில் முதலாவதே இந்தச் சுதந்திரம்தான்: நீதிபதிகளின் கையும் அரசியல் கையும் படாமல் இருக்க வேண்டும். உங்கள் ஊருக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2022இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த திட்டத்தில் தலைமை, துணை, உதவி என்று முழுநேர வக்கீல்கள் இருப்பது பெரிய முன்னேற்றம், அதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. உங்கள் தலைமை வக்கீல் ஒப்பந்தத்தில் இருப்பவர், அவர் வேலையை மதிப்பிடுவதும் அந்த வட்டத்துக்குள்தான். செஷன்ஸ் கோர்ட்டில் அவர் எதிர்த்துப் பேச வேண்டிய நாள் வரும்போது இது அவர் மனசில் உறுத்தும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குக் கையில் கணக்கு இருந்தால் பேசுவது கொஞ்சம் எளிதாகும்.

அதனால் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வழக்கு எண், சிறைக்குப் போய்வர ஆன நேரம், கட்சிக்காரரோடு பேசிய நிமிஷம், கட்டுப் படித்த நேரம், செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டது, இப்படி ஆறு கட்டம் போடுங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள், மறுநாள் ஆனால் மறந்துபோகும். இப்போது உங்கள் தலைமை வக்கீல் இதைக் கேட்க மாட்டார். ஆறு மாசம் கழித்து, வழக்குகள் குவிந்து அவர் மேலே எழுத வேண்டி வரும்போது, நீங்களே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள்.